ஒரே பேருந்தில் இரண்டு கொடி

தமிழ்நாட்டில் எந்த அரசுப் பேருந்துப் பணிமனைக்குப் போனாலும் வாசலில் முதலில் தெரிபவை கொடிக்கம்பங்கள்தான். தி.மு.க.வைச் சார்ந்த தொ.மு.ச., அ.தி.மு.க.வைச் சார்ந்த அண்ணா தொழிற்சங்கம், மார்க்சிஸ்ட் கட்சியின் பக்கம் நிற்கும் சி.ஐ.டி.யு., இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் ஏ.ஐ.டி.யு.சி., காங்கிரசின் ஐ.என்.டி.யு.சி., ஆர்.எஸ்.எஸ். வழிவந்த பி.எம்.எஸ். என்று வரிசை நீளும். பக்கத்திலேயே அறிவிப்புப் பலகை. வாயிற்கூட்டத்தில் பேசியது, அமைச்சருக்குக் கொடுத்த மனு, எதிர்ச்சங்கம் செய்த துரோகம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். அந்த வாசலைத் தாண்டி உள்ளே போகிற ஓட்டுநர் ஒரு கொடிக்காரராகவும் அவருடைய நடத்துநர் இன்னொரு கொடிக்காரராகவும் இருப்பது வெகு சாதாரணம். வண்டி கிளம்பிய பிறகு ஒருவர் விசிலுக்கு மற்றவர் நிறுத்துகிறார், எடுக்கிறார். படிக்கட்டில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகளின் உயிர் அந்த இருவரின் ஒத்துழைப்பில் இருக்கிறது.

அரசியலில் எதிரெதிராக நிற்பவர்கள் ஒரே வேலையைச் சேர்ந்து செய்வது எப்படி என்று அறிய விரும்புகிறவர்கள் இந்தப் பணிமனைகளின் அண்மை வரலாற்றைப் பார்க்கலாம்.

2018 ஜனவரி 4 அன்று மாநிலம் முழுக்கப் பேருந்துகள் நின்றன. சம்பளத்தை 2.57 மடங்காக உயர்த்த வேண்டும் என்று தொ.மு.ச., சி.ஐ.டி.யு. உள்ளிட்ட சங்கங்கள் கேட்டன, 2.44 மடங்குக்கு மேல் முடியாது என்றது அன்றைய அ.தி.மு.க. அரசு. அண்ணா தொழிற்சங்கம் அரசின் கணக்கை ஏற்றுக்கொண்டது. அதன் உறுப்பினர்கள் வண்டி எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து, நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 11-ஆம் தேதி வேலைநிறுத்தம் முடிந்தது. ஆறு ஆண்டு கழித்து, 2024 ஜனவரி 9 அன்று, மறுபடி வேலைநிறுத்தம். அப்போது ஆட்சியில் தி.மு.க. இந்த முறை சி.ஐ.டி.யு.வோடு சேர்ந்து வேலைநிறுத்தத்தில் நின்றது அண்ணா தொழிற்சங்கம். வண்டியை எடுத்தவர்கள் தொ.மு.ச.வினர். மறுநாளே வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய், போராட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

கோரிக்கைகளின் சாரம் பெரிதாக மாறவில்லை: ஊதிய ஒப்பந்தம், ஓய்வுபெற்றவர்களின் அகவிலைப்படி, காலிப் பணியிடங்கள். மாறியது கோட்டையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது மட்டும்தான். முதல் தடவை 'கருங்காலி' என்று ஏசியவருக்கும் ஏச்சு வாங்கியவருக்கும் இரண்டாம் தடவை இடம் மாறியது. இரண்டு தடவையும் போராட்டம் முடிந்த மறுநாள் காலையில் அதே ஓய்வறை, அதே வழித்தடம், அதே கூட்டாளி. இந்தத் தொழிலாளர்களுக்கு ஒருவரை ஒருவர் தவிர்க்கும் வசதி கிடையாது. அந்த வசதி இல்லாததுதான் இன்றைய சமூகத்தில் பணியிடத்தின் மிகப் பெரிய மதிப்பு.

இது வெறும் ஊகமில்லை. டயானா மட்ஸ், ஜெஃப்ரி மொண்டாக் என்ற இரண்டு அமெரிக்க அரசியல் அறிவியலாளர்கள் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவர் தனக்கு எதிரான அரசியல் கருத்தை எங்கே அதிகம் கேட்கிறார் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. குடும்பத்திலா, அக்கம்பக்கத்திலா, தேவாலயத்திலா, சங்கங்களிலா? விடை, வேலை செய்யும் இடத்தில். காரணமும் எளிது. நண்பர்களை நாமே தேர்ந்தெடுக்கிறோம். குடியிருக்கும் தெருவையும் முடிந்தவரை நமக்குத் தோதாகப் பார்த்துக்கொள்கிறோம். பக்கத்து மேசைக்காரரை மட்டும் வேறு யாரோ நியமிக்கிறார்கள். எதிர்க்கருத்தை அடிக்கடி காதில் வாங்குகிறவர்கள் அந்தக் கருத்தை ஏற்றுக்கொள்வதில்லை. ஆனால் 'அவர் ஏன் அப்படி நினைக்கிறார்' என்பதற்கு உருப்படியான காரணம் சொல்ல அவர்களால் முடிகிறது, எதிர்த்தரப்பின் உரிமைகளை மதிக்கும் பக்குவமும் கூடுகிறது என்றும் அந்த ஆய்வு கண்டது.

தமிழ்நாட்டுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். இங்கே ஊரும் தெருவும் சாதியால் பிரிந்தவை. கல்யாண மண்டபத்தில் கூடும் கூட்டமும் பெரும்பாலும் ஒரே கூட்டம்தான். வட்டாட்சியர் அலுவலகம், வங்கிக் கிளை, அரசு மருத்துவமனையின் செவிலியர் அறை, மென்பொருள் நிறுவனத்தின் நான்காவது மாடி போன்ற இடங்களில்தான் பலதரப்பட்டவர்கள் ஒரே டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

ஆனால் அருகில் உட்கார வைத்துவிட்டால் மட்டும் இணக்கம் வந்துவிடாது. உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-லேயே இதைத் தெளிவாக எழுதினார். வேறுபட்ட குழுக்கள் பழகிப் பகை குறைய வேண்டுமென்றால் இருதரப்புக்கும் சமமான நிலை வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், அந்த இலக்கைச் சேர்ந்து உழைத்துத்தான் அடைய முடியும் என்ற கட்டாயம் வேண்டும், நிர்வாகத்தின் ஆதரவும் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் நெருக்கமே புண்ணாகிவிடக்கூடும்.

சென்னையில் அப்படிப் புண்ணான வரலாறு உண்டு. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களைத் திரட்டிச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி.பி. வாடியா தலைவர், செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு, திரு.வி.க. போன்றவர்கள் முன்னின்றார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று இதைச் சொல்வார்கள். மூன்றே ஆண்டில், 1921 ஜூனில் தொடங்கிய பெரிய வேலைநிறுத்தத்தில் அந்தத் தொழிலாளர் ஒற்றுமை சாதிக் கோட்டில் பிளந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள், ஆதிதிராவிடத் தலைவர் எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்றார். சங்கத்தில் பெரும்பான்மையாக இருந்த சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். ஆலை நிர்வாகத்துக்கும் அரசுக்கும் இந்தப் பிளவு வசதியாகப் போயிற்று. புளியந்தோப்பில் கலவரம் மூண்டு குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. நீதிக்கட்சிக்குள்ளேயே தியாகராய செட்டியாரும் ராஜாவும் எதிரெதிராக நின்றார்கள். மாதக்கணக்கில் இழுத்த வேலைநிறுத்தம் தோற்றது. ஒரே ஆலைகளில் வேலை பார்த்தவர்கள்தான் இவர்கள். சமமான நிலை அவர்களுக்குள் ஒருநாளும் இருந்ததில்லை என்பதுதான் வேர்க்காரணம்.

இன்றும் தமிழ்நாட்டு அலுவலகத்தில் ஓர் அரசியல் பேச்சு திடீரென்று கசந்தால், அடியில் பெரும்பாலும் சாதி கிடக்கிறது. இட ஒதுக்கீடு பற்றிய பேச்சை எடுத்துக்கொள்ளலாம். பேசுகிறவருக்கு அது கொள்கை விவாதம். 'கோட்டாவில் வந்தவர்கள்' என்று அவர் சொல்லும்போது, எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் சக ஊழியருக்கு அது தன் படிப்பைப் பற்றிய, தன் வேலைத் திறனைப் பற்றிய தீர்ப்பு. இட ஒதுக்கீட்டின் அளவு என்ன, அளவுகோல் என்ன என்று விவாதிக்க யாருக்கும் உரிமை உண்டு. அருகில் இருப்பவரின் தகுதியை அந்த விவாதத்தின் சாட்சிப் பொருளாக்க யாருக்கும் உரிமை இல்லை. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் பிறர் பார்வைக்கு முன்னால் சாதி சொல்லி இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் அலுவலகங்கள் மறந்துவிடக் கூடாது.

எது 'வெறும் அரசியல்', எது ஒருவரின் மானம் என்ற கேள்வியில் தடுக்கி விழுந்த ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கதை இங்கே உதவும். பேஸ்கேம்ப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் அப்போது அறுபது பேர்கூட இல்லை. அங்கே வாடிக்கையாளர்களின் 'வேடிக்கையான' பெயர்களைத் தொகுத்த பட்டியல் ஒன்று பல ஆண்டுகளாக உள்ளுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ஆசிய, ஆப்பிரிக்கப் பெயர்களும் அதில் இருந்தன. இது எவ்வளவு தவறு என்று ஊழியர்கள் பேசத் தொடங்க, பேச்சு நீண்டு, நிறுவனத்தின் இனப் பாகுபாடு பற்றிய விவாதமாக வளர்ந்தது. 2021 ஏப்ரலில் நிறுவனர்கள் அலுவலகக் கணக்குகளில் இனிச் சமூக, அரசியல் விவாதமே கூடாது என்று அறிவித்தார்கள். சில நாட்களில் ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு காயின்பேஸ் என்ற கிரிப்டோ நிறுவனம் இதே போன்ற முடிவை எடுத்தபோது, 60 பேர், அதாவது ஏறத்தாழ 5 சதவீதம் பேர், பணத்தை வாங்கிக்கொண்டு விலகினார்கள். ஒரே மாதிரித் தடையின் விளைவு இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. பேஸ்கேம்பில் தடை வந்த நேரம் அப்படி. ஊழியர்கள் ஒரு குறையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாயை மூடச் சொன்னார்கள். பெயரைக் கேலி செய்வது யாருக்கு அரசியல், யாருக்கு அவமானம் என்று நீளமான, மற்றவர்கள் வாயில் நுழையாத பெயரோடு வெளிநாட்டில் வேலை பார்க்கும் தமிழர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்தியாவில் அரசு ஊழியருக்கு இதைப் போன்ற ஒரு கட்டுப்பாடு விதியிலேயே இருக்கிறது. 1964-ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளில் ஐந்தாவது விதி, எந்த ஊழியரும் அரசியல் கட்சியில் உறுப்பினராகவோ வேறு வகையில் தொடர்புடையவராகவோ இருக்கக் கூடாது என்கிறது. வாக்களிக்கலாம், யாருக்குப் போடப் போகிறார், யாருக்குப் போட்டார் என்று வெளிக்காட்டக் கூடாது. தன் உடம்பிலோ வண்டியிலோ வீட்டிலோ தேர்தல் சின்னத்தைக் காட்டினால், அது தன் செல்வாக்கைத் தேர்தலுக்குப் பயன்படுத்துவதாகவே கொள்ளப்படும். இந்த விதியில் பலருக்கு மனக்குறை உண்டு. ஆனாலும் மனுவோடு வரும் பொதுமக்களின் பக்கமிருந்து பார்த்தால் அதன் நியாயம் புரியும். பட்டாவுக்காக வந்து நிற்பவர், எதிரே உட்கார்ந்திருக்கும் எழுத்தரின் கட்சி தெரிந்த உடனே தன் வேலை நடக்குமா என்று கலங்கத் தொடங்கிவிடுவார்.

அந்தக் கலக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஷாந்தோ ஐயங்கார், ஷான் வெஸ்ட்வுட் ஆகியோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று அமெரிக்கர்களிடம் இரண்டு மாணவர்களின் விண்ணப்பங்களைக் கொடுத்து, உதவித்தொகை யாருக்கு என்று கேட்டது. மாணவர் எந்தக் கட்சிப் பக்கம் என்பதும் ஓர் ஓரத்தில் தெரியும். ஐந்தில் நான்கு பேர் தம் கட்சிப் பிள்ளையைத் தேர்ந்தெடுத்தார்கள். எதிர்க்கட்சிப் பிள்ளையின் மதிப்பெண் கூடுதலாக இருந்தபோதும் பெரும்பாலோர் கை தம் பக்கத்துக்கே போனது. மேற்பார்வையாளரோ மேலாளரோ இதே மனசோடு பதவி உயர்வுக் கோப்பைப் புரட்டினால் என்ன நடக்கும்?

அதனால்தான் பதவியில் உயர்ந்தவருக்கும் கீழே இருப்பவருக்கும் ஒரே நடைமுறை போதாது. சம நிலையில் இருக்கும் இரண்டு பேர் தேநீர்க் கடையில் கட்சி பேசலாம், கோபப்படலாம், மறுநாள் சரியாகிவிடலாம். மேலாளர் 'யாருக்கு ஓட்டு?' என்று கேட்டால் அது விளையாட்டான கேள்வியாக இருந்தாலும் பதில் சொல்பவருக்கு அது நேர்முகத் தேர்வு. பணிமனைகளில் நீண்ட காலமாகக் கேட்கும் முணுமுணுப்பும் இதுவேதான். ஆட்சி மாறினால் ஆளுங்கட்சிச் சங்கத்தில் உறுப்பினர் எண்ணிக்கை ஏறும். நல்ல வழித்தடமும் இலகுவான வேலையும் ஒரு பக்கம் போகும். தொலைதூர இடமாற்றம் இன்னொரு பக்கம் போகும் என்பார்கள். இப்படி ஒரு எண்ணம் நிலைத்துவிட்ட இடத்தில் 'அண்ணே, அரசியல் வேற, சினேகம் வேற' என்ற சொல்லுக்குப் பலம் இருக்காது. தனிமனிதர்களின் நல்ல குணத்தைச் சார்ந்து நிற்காமல், பணிமூப்புப் பட்டியலையும் டியூட்டிப் பட்டியலையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுவதுதான் இங்கே உதவும். அரசுப் பள்ளி ஆசிரியர் இடமாறுதலுக்கு வந்த கலந்தாய்வு முறையை ஆசிரியர்கள் இவ்வளவு உறுதியாகப் பிடித்துக்கொண்டிருப்பதும் இதற்காகத்தான். காலியிடம் எது, தனக்கு முன்னால் யார் என்று கண்ணால் பார்த்துவிட்டால், அடுத்த பள்ளி ஆசிரியர் எந்தக் கட்சி என்பது அவ்வளவு உறுத்தாது.

கருத்துக்காகவே ஒருவரை வேலையை விட்டு அனுப்பலாமா? இந்தக் கேள்வியும் ஒரு ஓட்டுநரால்தான் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் ஆர்தர் ரெட்ஃபெர்ன் என்பவர், மாற்றுத்திறனாளிகளை அழைத்துச் செல்லும் வண்டியை ஓட்டினார். பயணிகளில் பெரும்பாலோர் ஆசிய வம்சாவளியினர். அவர் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. ஆசிய வம்சாவளியினரான அவருடைய மேற்பார்வையாளரே சிறந்த ஊழியர் என்ற பாராட்டுக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்திருந்தார். 2004-இல் ரெட்ஃபெர்ன் பிரிட்டிஷ் தேசியக் கட்சியின் சார்பில் நகர்மன்ற உறுப்பினரானார். வெள்ளையர் அல்லாதவர்களை உறுப்பினராகவே சேர்க்காத கட்சி அது. பயணிகள் கலங்குவார்கள் என்று சொல்லி நிறுவனம் அவரை நீக்கியது. ஓராண்டுகூடப் பணி முடிக்காததால், நியாயமற்ற நீக்கம் என்று அவரால் அந்நாட்டில் வழக்குப் போட முடியவில்லை. 2012 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், நான்குக்கு மூன்று என்ற கணக்கில், அவருடைய சங்கம் சேரும் உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. அந்தக் கட்சியின் கருத்து சரி என்று நீதிபதிகள் சொல்லவில்லை. அரசியல் கருத்துக்காக நீக்கப்படுகிறவருக்கு, தன் வழக்கைச் சொல்ல ஒரு வாசலாவது இருக்க வேண்டும் என்றார்கள். அடுத்த ஆண்டே பிரிட்டன் சட்டத்தைத் திருத்தியது.

இந்தத் தீர்ப்பு பலருக்கு உவப்பாக இருக்காது. தோலின் நிறத்தை வைத்து மனிதரைத் தள்ளிவைக்கும் கட்சிக்காரர், அதே நிறத்தவரைக் கைபிடித்து வண்டியில் ஏற்றுவதை எப்படி ஏற்பது? இந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. அந்தப் பயணிகளின் அச்சம் பொய்யில்லை. ஆனாலும் அந்த மேற்பார்வையாளர் தன் கீழ் வேலை செய்தவரை அவர் செய்த வேலையை வைத்து அளந்தார். நடத்தையில் குற்றம் இருந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும், ஒரு நொடியும் பொறுக்கக் கூடாது. நடத்தையைப் பார்க்காமல் உறுப்பினர் அட்டையை மட்டும் பார்த்து அனுப்பத் தொடங்கினால், அந்தக் கத்தி நாளை எந்தப் பக்கம் திரும்பும் என்பதை ஆட்சியில் இருப்பவர்கள்தான் முடிவு செய்வார்கள். வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 111-ஆவது உடன்படிக்கை, இனம், மதம், பால் இவற்றோடு அரசியல் கருத்தையும் சேர்த்தே சொல்கிறது. 1958-இல் வந்த அந்த உடன்படிக்கையை இந்தியா 1960-இலேயே ஏற்றுக்கொண்டது. தனியார் நிறுவன ஊழியர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இதுவரை பார்த்ததெல்லாம் சேதத்தைக் குறைக்கும் வழிகள். எதிர்க்கருத்து உள்ள கூட்டாளியால் வேலைக்கே லாபம் உண்டு என்பதற்கும் சான்று இருக்கிறது.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் அண்டோனின் ஸ்காலியாவும் ரூத் பேடர் கின்ஸ்பர்க்கும் 1993 முதல் 2016-இல் ஸ்காலியா இறக்கும்வரை சக நீதிபதிகள். அவர் தீவிரப் பழமைவாதி, இவர் தாராளவாதத்தின் முகம். இருவரும் சேர்ந்து ஓபரா பார்த்தார்கள், குடும்பத்தோடு புத்தாண்டு கொண்டாடினார்கள், 1994-இல் இந்தியா வந்தபோது ஒரே யானைமேல் சவாரி செய்தார்கள். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் பிரபலம். அதைவிட முக்கியமான செய்தி அவர்களுடைய அலுவலக வேலையில் இருக்கிறது. ஆண்களை மட்டுமே சேர்த்த வர்ஜீனியா ராணுவக் கல்லூரியில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்ற 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பை எழுதியவர் கின்ஸ்பர்க். எதிர்த்த ஒரே நீதிபதி ஸ்காலியா. அவர் தன் எதிர்த்தீர்ப்பின் வரைவை முன்கூட்டியே கின்ஸ்பர்க் கையில் கொடுத்துவிட்டார். பதில் எழுத அவருக்கு நேரம் கிடைக்கட்டும் என்றுதான். அந்த வரைவு தன் வார இறுதியையே கெடுத்தது என்றும், அதற்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் தன் தீர்ப்பு மெருகேறியது என்றும் கின்ஸ்பர்க் பிற்பாடு பல மேடைகளில் சொன்னார். ஸ்காலியா விட்டுக்கொடுக்கவில்லை, கடைசிவரை எதிர்த்தே வாக்களித்தார். தன் வாதத்தின் முழு பலத்தையும் எதிராளியிடம் முன்னதாகக் காட்டினார். அலுவலகக் கூட்டத்தில் ஒரு திட்டத்தை எதிர்க்கப் போகிறவர், முந்தின நாளே அதைக் கொண்டுவருகிறவரிடம் போய்த் தன் ஆட்சேபணைகளைச் சொல்லிவிட்டால் இதே பயன் கிடைக்கும்.

விக்கிப்பீடியாவிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 2019-இல் நேச்சர் குழும இதழ் ஒன்றில் வெளியான ஆய்வு, லட்சக்கணக்கான திருத்தங்களை அலசியது. அரசியலில் ஒரே பக்கம் சாய்ந்தவர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரைகளைவிட, இரு துருவங்களிலும் நிற்பவர்கள் மோதி மோதி எழுதியவை தரத்தில் மேலாக இருந்தன. அவர்கள் அதிகம் வாதாடினார்கள். ஆனால் 'மேற்கோள் எங்கே, விதி என்ன' என்று பொதுவான விதிகளை வைத்து வாதாடினார்கள். ஒருவர் கவனிக்காத ஓட்டையை எதிர்த்தரப்பு கவனித்தது.

சுதந்திர இந்தியாவின் முதல் அமைச்சரவையும் அப்படிப்பட்டதுதான். காங்கிரசை ஆண்டாண்டாக விமரிசித்த அம்பேத்கர் சட்ட அமைச்சர். இந்து மகாசபையின் சியாமா பிரசாத் முகர்ஜி தொழில் அமைச்சர். 1934 தேர்தலில் காங்கிரசிடம் தோற்று, பிறகு கொச்சி சமஸ்தானத்தின் திவானாக இருந்த கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் நிதி அமைச்சர். 1947 நவம்பர் 26 அன்று நாட்டின் முதல் வரவு செலவுத் திட்டத்தை வாசித்தவர் அவர். இந்தக் கூட்டு நெடுநாள் நிலைக்கவில்லை. நேரு - லியாகத் ஒப்பந்தத்தை ஏற்க முடியாமல் 1950-இல் முகர்ஜி விலகினார். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்ட வருத்தத்தோடு 1951-இல் அம்பேத்கர் விலகினார். இதைத் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது சரியான கணக்கில்லை. ஒரு நாட்டுக்கு அரசமைப்புச் சட்டம் எழுதி முடிக்கும்வரை அந்த மேசையில் அம்பேத்கரும் முகர்ஜியும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். முடியாது என்று ஆனபோது காரணத்தைப் பகிரங்கமாகச் சொல்லிவிட்டு எழுந்தார்கள். உள்ளே இருந்துகொண்டே வேலையைக் கெடுப்பதைவிட இது எவ்வளவோ நேர்மை.

சாதாரண அலுவலகத்தில் யாரும் அரசமைப்புச் சட்டம் எழுதப் போவதில்லை. அங்கே நெருப்பு பற்றும் இடம் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழு. ஷிஃப்ட் மாற்றம் சொல்ல ஆரம்பித்த குழுவில் ஒருநாள் ஒரு ஃபார்வர்டு விழும். பதிலுக்கு ஒரு மீம். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் பின்வாங்க யாருக்கும் மனம் வராது. அதே இருவர் கேன்டீனில் தனியாக உட்கார்ந்திருந்தால் பாதிச் சொற்களைச் சொல்லியிருக்கவே மாட்டார்கள். வேலைக்கான குழுவில் வேலை மட்டும் என்று வைத்துக்கொண்டு, கட்சிப் பேச்சை முகம் பார்த்துப் பேசும் இடத்துக்கு மாற்றுவதுதான் நல்லது. இது வாயை மூடும் தடை இல்லை. பேச்சை அது தாங்கும் இடத்துக்குக் கொண்டுபோவது.

முகம் பார்த்துப் பேசும்போது எப்படிப் பேசுவது என்பதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. டேவிட் புரூக்மேன், ஜோஷுவா கல்லா இருவரும் மியாமியில் திருநர் குறித்த வெறுப்பைப் பற்றி ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். வீடு வீடாகப் போனவர்கள் பத்து நிமிடம் பேசினார்கள். அந்தப் பேச்சால் ஏற்பட்ட மனமாற்றம் குறைந்தது மூன்று மாதம் நீடித்தது. புள்ளிவிவரத்தை அடுக்கியதால் அது நடக்கவில்லை. தீர்ப்புச் சொல்லாமல் கேட்டு, இருவரும் தம் வாழ்க்கையில் நடந்ததைப் பகிர்ந்துகொண்டதுதான் வேலை செய்தது.

தமிழ்நாட்டுச் சூழலில் இது உடனே விளங்கும். இங்கே கட்சிப் பற்று பெரும்பாலும் வாழ்க்கையில் கிடைத்த ஒன்றோடு ஒட்டியிருக்கிறது. 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவைச் சாப்பிட்டுப் படித்தவருக்கு இரட்டை இலை வெறும் சின்னமில்லை. 1989-இல் கருணாநிதி அரசு கொண்டுவந்த சட்டத்தால் பூர்வீகச் சொத்தில் பங்கு பெற்ற பெண்ணுக்கு உதயசூரியனும் அப்படியே. காமராஜர் காலத்தில் ஊருக்கு வந்த பள்ளிக்கூடத்தைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. 'உங்க கட்சி என்னத்தைக் கிழிச்சது?' என்று கேட்டால் சண்டைதான் வரும். 'அண்ணே, உங்களுக்கு எப்போ இருந்து இந்தக் கட்சி?' என்று கேட்டால் ஒரு தகப்பனோ ஒரு ஊரோ ஒரு வேலைநிறுத்தமோ வெளியே வரும். கேட்டவர் தன் ஓட்டை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. எதிராளி முட்டாளோ விலைபோனவரோ இல்லை என்று தெரிந்துகொள்வதே பெரிய லாபம். 'மோர் இன் காமன்' என்ற அமைப்பு 2019-இல் அமெரிக்காவில் எடுத்த ஆய்வில், எதிர்க்கட்சிக்காரர்களில் தீவிரக் கருத்து உடையவர்கள் எத்தனை பேர் என்று இருதரப்பும் போட்ட கணக்கு, உண்மையைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. செய்தியை அதிகம் பார்ப்பவர்களின் கணக்குதான் இன்னும் அதிகமாகத் தவறியது.

எல்லாருடனும் பேசித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. தன் சாதியை, மதத்தை, பாலினத்தைக் குறிவைத்துப் பேசுகிறவரோடு நயமாக உரையாட வேண்டிய பொறுப்பை, அடிபடுகிறவர் தலையிலேயே சுமத்துவது அநியாயம். அது நிர்வாகத்தின் வேலை. பக்கத்தில் இருக்கும் மற்றவர்களின் வேலை. அப்படிப் பேசுகிறவரின் நண்பர் ஒருவர், தனியே கூப்பிட்டு, 'இது தப்புப்பா' என்று சொல்வதற்கு இருக்கும் வலிமை மனிதவளத் துறையின் சுற்றறிக்கைக்கு இல்லை.

பரஸ்பர நம்பிக்கையே இல்லாதபோதும் சேர்ந்து வேலை செய்ய முடியுமா? முடியும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் தமிழ்நாட்டின் வாக்குச்சாவடிகள் காட்டுகின்றன. தலைமை அலுவலரும் வாக்குப்பதிவு அலுவலர்களும் கணினிக் குலுக்கலில் வெவ்வேறு துறைகளிலிருந்து எடுக்கப்பட்டு, பெரும்பாலும் முந்தின நாள்தான் முதன்முறையாகச் சேர்ந்து, முன்பின் தெரியாத பள்ளிக்கூடத்தில் ஒன்றாக இரவைக் கழிக்கிறார்கள். யார் மனத்தில் எந்தக் கட்சி என்று யாரும் கேட்பதில்லை. எதிரே, ஒருவரையொருவர் கொஞ்சமும் நம்பாத கட்சிகளின் முகவர்கள். காலையில் அவர்கள் கண்முன்னே குறைந்தது 50 மாதிரி வாக்குகள் பதிவாகின்றன. எண்ணிக் காட்டி, அழித்து, இயந்திரத்துக்குத் தாள் முத்திரை வைக்கிறார்கள். அந்த முத்திரையில் தலைமை அலுவலரோடு விருப்பமுள்ள முகவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள், எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் பதிவான மொத்த வாக்குகளை 17சி படிவத்தில் எழுதி ஒவ்வொரு முகவருக்கும் ஒரு நகல் தருவது சட்டப்படி கட்டாயம். வாக்கு எண்ணும் நாளில் அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு, இயந்திரம் காட்டும் மொத்தத்தோடு அவரவர் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பொருந்தவில்லை என்றால் அந்த மேசையிலேயே, எல்லோர் முன்னிலையிலும் எழுந்து கேட்கலாம்.